கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் முன்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அரசியற் கூட்டத்திலே கடவுச்சீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று, மேடைக்கு வருமுன் நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். படிவம் நிரப்புவதும், படம் எடுப்பதும், கட்டணம் செலுத்துவதும் தூதரகத்துக் கருமங்கள். அவற்றுக்கு மேடை எதற்கு, ஒலிபெருக்கி எதற்கு என்பது அவர் எண்ணம். அவருக்கு விடையாக, சில மாதங்களுக்கு முன் எம்மைக் காண வந்த ஒரு முதியவரைப் பற்றிக் கூறித் தொடங்குகின்றோம்.

அவர் புகையிலையும் வெங்காயமும் செய்து குடும்பத்தை வளர்த்தவர். மகன் 2010 ஆம் ஆண்டிற் கனடாவை அடைந்தான், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டான், பின்னர் நிரந்தர வதிவுரிமையும் பெற்றான். 2019 ஆம் ஆண்டிலே தாய் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். மகனிடமிருந்த இலங்கைக் கடவுச்சீட்டோ காலாவதியாகிப் பல ஆண்டுகள் சென்றிருந்தன. அங்கிருந்தவாறே புதியதொன்றுக்கு விண்ணப்பித்தான். அது கைக்கு வந்து சேருமுன் தாய் கண்ணை மூடிவிட்டார். அந்தியேட்டிக்குத்தான் மகன் வர முடிந்தது. மூன்று கிழமை நின்று, திரும்பிச் சென்று, வேலை செய்து, வரி செலுத்தி, சில ஆண்டுகளின் பின் அந்நாட்டுப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தான். பிரசாவுரிமை வரவில்லை, ஓர் அறிவித்தல் வந்தது. நீர் உமது நாட்டின் பாதுகாப்பை மீளவும் நாடிவிட்டீர். ஆதலால் உமது அகதி நிலை முடிவுற்றதெனத் தீர்மானிக்குமாறு விண்ணப்பம் செய்யப்பட்டுள்ளது என்பதே அதன் சாரம்.

அக்கடிதத்தை எமது மேசையில் வைத்துவிட்டு அம்முதியவர், “தம்பி, பெத்த தாயின்ரை கிரியைக்கு வந்தது குற்றமோ?” என்று கேட்டார்.

குற்றமன்று. எந்நாட்டுச் சட்டமும் அதனைக் குற்றமெனக் கூறவில்லை. ஆயினும் சட்டம் அக்கடவுச்சீட்டை ஒரு சாட்சியாகப் பார்க்கிறது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் முதலாம் உறுப்புரையின் ‘சி’ பகுதி, ஒருவர் எப்போது அகதியாக இருப்பது ஒழியும் என்பதைக் கூறுகின்றது. அதன் முதலாவது காரணமே, தம் நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடுதல். கடவுச்சீட்டு என்பது யாது? ‘இவர் எமது பிரசை, இவருக்குத் தடையின்றி வழிவிடுக’ என்று ஓர் அரசு பிற அரசுகளை வேண்டிக்கொள்ளும் கடிதம். அக்கடிதத்தை நீர் கேட்டு வாங்கினால், அவ்வரசின் பாதுகாப்பை நீர் கேட்டு வாங்கினீர் என்றாகும். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகர் அலுவலகம் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூலும் இதனையே கூறுகின்றது: அகதி ஒருவர் தம் நாட்டுக் கடவுச்சீட்டை விண்ணப்பித்துப் பெற்றால், அல்லது புதுப்பித்தால், மாறாகச் சான்று இல்லாதவிடத்து, அந்நாட்டின் பாதுகாப்பை அவர் நாடினார் என ஊகிக்கப்படும்.

‘மாறாகச் சான்று இல்லாதவிடத்து’ என்ற சொற்களைக் கவனியுங்கள். எமது முதியவரின் மகனுக்கு எஞ்சியிருக்கும் வாசல் அது ஒன்றுதான்.

கனடாவிலே இவ்விடயம் முன்னெப்போதையும்விடக் கடுமையானது 2012 ஆம் ஆண்டு டிசெம்பரில். அதற்கு முன், அகதி நிலை முடிவுற்றதெனக் கண்டாலும் நிரந்தர வதிவுரிமை போய்விடாது. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னரோ, தம் நாட்டுப் பாதுகாப்பை மீள நாடினார் என்று தீர்மானித்தால் இரண்டும் ஒன்றாகவே வீழும். இருபது ஆண்டு வீடு வாசல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கிக் கடன் யாவும் ஒரு சிறு புத்தகத்தின்மேல் ஏறி நிற்கின்றன. 2022 ஆம் ஆண்டிலே கனேடியச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலம்பிய நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு சிறிது ஆறுதல் தருகின்றது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தார், பயணம் செய்தார் என்பதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. அதன் விளைவை அவர் உண்மையில் அறிந்திருந்தாரா, எதற்காகப் பயணஞ் செய்தார், யாருக்கு அஞ்சி நாட்டை நீங்கினார், போன இடத்தில் எத்தகைய முன்னெச்சரிக்கையுடன் இருந்தார் என்பனவெல்லாம் ஆராயப்படல் வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. ஆகவே தாயின் மரணச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டு, பயணச் சீட்டு ஆகியவை இன்று வெறுங் காகிதங்களல்ல.

இங்கே ஒரு சொல்லைத் தாய் தந்தையருக்கும் கூற விரும்புகின்றோம். ‘ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ’ என்று தொலைபேசியில் அழும்போது, பிள்ளை எந்தச் சீட்டில் வருவான் என்பதையும் கேளுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவருக்குச் சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரைப்படி தங்கியுள்ள நாடே பயணப் பத்திரம் வழங்கும். அதனைக்கொண்டு வேறு நாடு செல்லலாம். தாய்நாட்டுக்கு வருவதற்கு அது உதவாது. தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ தாயும் பிள்ளையும் சந்தித்துக்கொண்ட குடும்பங்கள் பல. செலவுதான், கண்ணீருந்தான். ஆயினும் குடியிருக்கும் நாட்டின் பிரசாவுரிமையைப் பெற்று, அந்நாட்டுக் கடவுச்சீட்டில் வரும் வரைக்கும் பொறுத்திருப்பதே பாதுகாப்பு. அகதி நிலை பெறாது வேறு வகை அனுமதியில் இருப்போரின் நிலை இதற்கு நேர்மாறானது. ‘உமது நாட்டுக் கடவுச்சீட்டைக் கொண்டு வாரும்’ என்று குடியிருக்கும் நாட்டு அதிகாரிகளே அவர்களை வற்புறுத்துவதுண்டு. ஆகையால், ஒருவருக்குக் கூறிய புத்தியை மற்றவர் கேட்டு நடக்கலாகாது. தத்தம் பத்திரத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவ்வந் நாட்டுச் சட்டத்தரணியிடம் காட்டிய பின்னரே விண்ணப்பத்தில் ஒப்பமிடல் வேண்டும்.

இனி, அகதிகளாகச் செல்லாதோரைப் பார்ப்போம். கட்டாரிலும் குவைத்திலும் உழைப்போரும், இலண்டனிலும் மெல்பேணிலும் கற்போரும் இலங்கைப் பிரசைகள். இவர்களுக்கு இச்சீட்டைவிட வேறு துணை இல்லை. அது காலாவதியானால் வேலை அனுமதியும் வதிவிட அனுமதியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். ஆறு மாதமேனும் எஞ்சியிராத சீட்டைப் பல நாடுகள் ஏற்பதில்லை. ஆதலால் பத்தாண்டுக் கடவுச்சீட்டு உண்மையில் ஒன்பதரை ஆண்டுக் கடவுச்சீட்டே. முன்னர், கையால் எழுதிய புத்தகத்தில் ஒரு முத்திரையைக் குத்திக் காலத்தை நீட்ட முடிந்தது. இயந்திரத்தால் வாசிக்க இயலாத சீட்டுகள் 2015 நவம்பர் 24 ஆம் திகதியோடு சர்வதேசப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டன. எனவே புதுப்பித்தல் என்று நாம் பழக்கத்தாற் கூறுவது, உண்மையிற் புதியதொன்றைப் பெறுதலே. வெளிநாட்டிலே கொடுத்த விண்ணப்பம் பொதுவாகப் பத்தரமுல்லைக்கு வந்து, அங்கே புத்தகம் அச்சாகி, மீண்டும் கடல் கடத்தல் வேண்டும். 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெற்றுப் புத்தகங்கள் போதாமையால் பத்தரமுல்லையிலே மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வரிசையில் நின்றவரின் துன்பம் படத்தோடு பத்திரிகைகளில் வந்தது. கடலுக்கு அப்பால், வீசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவரை எவரும் படம்பிடிக்கவில்லை.

இச்சீட்டை வழங்குவது அரசின் தயவா, அன்றிக் கடமையா? சட்டம் பயின்றவர் என்ற முறையில் இதற்கு நாம் நேராக விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எமது அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, முதலாம் பந்தியின் ‘எச்’ பிரிவில் நாட்டினுள்ளே நடமாடும் சுதந்திரத்தையும், ‘ஐ’ பிரிவில் இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் தருகின்றது. நாட்டை விட்டு நீங்கும் சுதந்திரம் அங்கே சொல்லளவில் இல்லை. அயல்நாட்டிலோ 1967 ஆம் ஆண்டிலேயே இந்திய உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை ஆள்சார் சுதந்திரத்தின் கூறு எனத் தீர்த்தது. அவ்வாண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் கடவுச்சீட்டுச் சட்டத்தை இயற்றியது. எமக்கு அத்தகைய தெளிவு வாய்க்கவில்லை. ஆயினும் திரும்பி வரும் உரிமையாவது எழுத்தில் உள்ளதே! விமானக் கம்பனி சீட்டில்லாதவரை ஏற்றாது. சீட்டைத் தாராது திரும்பும் உரிமையை மட்டும் தந்தோம் என்பது, பூட்டைப் போட்டுத் திறப்பை ஒளித்துவிட்டு வாசலைக் காட்டுவதற்கு ஒப்பானதன்றோ?

‘திரும்பி வருவதற்கு மட்டும் தற்காலிகப் பத்திரம் தருவோமே’ என்று அதிகாரிகள் கூறக்கூடும். இதே வாதம் உருகுவே நாட்டில் எழுந்தது. சோபி விடால் மார்ட்டின்சு என்ற உருகுவேப் பெண்மணி மெக்சிக்கோவில் வசித்தவர். அவருடைய கடவுச்சீட்டுக்கு இடைக்காலத்திற் பெறவேண்டிய மேலொப்பம் மறுக்கப்பட்டது. புதிய சீட்டு கேட்டார். காரணங் கூறாது அதுவும் மறுக்கப்பட்டது. நாட்டுக்குள் வருவதற்கு மட்டும் பத்திரம் தருவதாகவும், அதைக்கொண்டு மீண்டும் வெளியேற இயலாதெனவும் சொல்லப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1982 ஆம் ஆண்டில் அவர் பக்கம் தீர்மானித்தது. எந்நாட்டிலிருந்தும் வெளியேறும் உரிமைக்குக் கடவுச்சீட்டே கருவி. ஆதலால் வெளிநாட்டில் வசிக்கும் பிரசைக்கு அதனை வழங்கும் கடமை, அவர் வசிக்கும் நாட்டை மட்டுமன்றி, அவருடைய சொந்த நாட்டையும் சாரும் என்பது அக்குழுவின் முடிபு. அதற்கு ஆதாரமான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 ஆம் ஆண்டிலேயே சேர்ந்துள்ளது.

இதனைக் கேட்டுக் கைதட்டுமுன் மற்றொன்றையும் கேளுங்கள். அக்குழுவுக்கு முறையிட வழிசெய்யும் உபபத்திரத்தில் இலங்கை சேர்ந்தமை உள்நாட்டுச் சட்டத்திலே வலிதற்றது என்று 2006 ஆம் ஆண்டில் சிங்கராசா வழக்கில் எமது உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே உருகுவேத் தீர்மானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு புதுக்கடைக்குச் சென்று நாளைக்கே வெற்றி பெறலாம் என்று நாம் உங்களை ஏய்க்க மாட்டோம். நிற்கத்தக்க தளம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரைதான். அதற்கும் 126 ஆம் உறுப்புரை ஒரு மாத காலத்தையே தருகின்றது. மறுப்பு எழுத்தில் வந்த நாளைக் குறித்து வையுங்கள். எழுத்தில் தராவிட்டால் எழுத்திற் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிரசாவுரிமையைப் பெற்றுவிட்டவர்கள் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்யும் தவறு எளிதில் நேர்வது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, தாமாகவே பிறநாட்டுப் பிரசையாகும் ஒருவர் அப்போதே இலங்கைப் பிரசையாக இருப்பது ஒழிகின்றார். 1987 ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்த இரட்டைப் பிரசாவுரிமையைக் கேட்டுப் பெற்றாலன்றி அது மீளாது. பழைய சீட்டில் இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று அதனைக் கொண்டு வருவோரும், முடிந்ததும் புதுப்பிப்போரும், தாம் பிரசையல்லாத நாட்டின் சீட்டைக் கைக்கொள்கின்றனர். பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஒருவர் பிரித்தானியப் பிரசை எனக் கண்டு, அவர் அப்பதவிக்குத் தகுதியற்றவரென 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்ததை அறிவீர்கள். காணி விடயத்திலும் இது வந்து முட்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் பிறநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கின்றது. நெருங்கிய உறவினருக்கு முதுசமாகவோ நன்கொடையாகவோ செல்வதற்கும், இரட்டைப் பிரசைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே தகப்பன் தோட்டக் காணியை மகனுக்கு நன்கொடை உறுதி எழுதலாம்; அதே மகன் வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் நாலு பரப்பை விலைக்கு வாங்கப் போனால் நொத்தாரிசு பேனையை மூடிவிடுவார்.

இனி நாம் கூற வந்த முக்கிய விடயத்துக்கு வருகின்றோம். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது ஒருபுறம் இருக்க, முதற் கடவுச்சீட்டே கிடையாதவர் சிலர் உளர். பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் 50,000 பேருக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2021 ஆம் ஆண்டில் முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது, நல்லது. பெயர் மாறியதனால் அங்கே பிறந்த பிள்ளைக்கு நாடு கிடைத்துவிடவில்லை.

இந்தியச் சட்டம் 1987 யூலை 1 ஆம் திகதிக்கு முன் அந்நாட்டிற் பிறந்தவரைப் பிறப்பால் பிரசையாக ஏற்கின்றது. அதன்பின் பிறந்தவரை, பெற்றோரின் நிலை பார்த்தே ஏற்கும். 1986 ஆம் ஆண்டில் மண்டபத்திற் பிறந்த அகதிப் பெண் ஒருவர் கடவுச்சீட்டுக் கேட்டபோது மறுக்கப்பட்டது; 2022 ஆம் ஆண்டில் மதுரையிலுள்ள சென்னை உயர் நீதிமன்றக் கிளை, அவர் பிறப்பாலே இந்தியப் பிரசை எனத் தீர்த்தது. இரண்டாண்டு பிந்திப் பிறந்திருந்தால் இரு நாட்டுக்கும் அந்நியராகியிருப்பார்.

இரு நாட்டுக்கும் என்று ஏன் கூறுகின்றோம்? தாய் தந்தையர் வல்வெட்டித்துறையாராகவோ மன்னாராராகவோ இருக்க, பிள்ளை இலங்கைப் பிரசை ஆகாதோ? தானாக ஆகாது. மேற்சொன்ன 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திலோ அமைச்சிலோ பதிவு செய்தல் வேண்டும் என்கின்றது. தந்தையின் பிரசாவுரிமை மட்டுமே கணிக்கப்பட்ட அநீதி 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. தாய் பிரசையாயினும் போதும். ஆயினும் பதிவு இன்றேல் பிரசாவுரிமை இல்லை. பிரசாவுரிமை இன்றேல் கடவுச்சீட்டு இல்லை. வள்ளத்தில் ஏறும்போது அடையாள அட்டையையும் விட்டுவந்த தகப்பன், எந்தப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு சென்னையிலுள்ள பிரதி உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போவான்?

1948 ஆம் ஆண்டில் இச்சட்டம் வந்தபோது, மலையகத் தமிழரை நோக்கி ‘உன் தகப்பன் இந்நாட்டிற் பிறந்தானா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா? சான்று எங்கே?’ என்று கேட்டது. பதிவுப் புத்தகமே ஒழுங்காக இல்லாத காலத்துப் பிறப்புக்குச் சான்று கேட்டது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் அதனை எதிர்த்து நின்றார். வடக்கிலே சிலர், அது தோட்டத் தொழிலாளரின் காரியம், எமக்கென்ன என்றிருந்தனர். அதே சட்டம், அதே கேள்வியை, இன்று வடக்கிலிருந்து போன குடும்பத்தின் பேரப்பிள்ளையிடம் கேட்கின்றது. அம்முகாம்களில் மலையக வம்சத்தவரும் உளர். யுத்தத்தால் இந்தியா சென்ற அவர்களுக்கென 2009 ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பயன் எத்தனை குடிசைகளை எட்டியது என்பதை அங்கே சென்று கேட்டால் தெரியும்.

நாம் கேட்பது புதிய சட்டமன்று. அந்த 5 ஆம் பிரிவிலேயே, தக்க காரணம் இருப்பின் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தை அமைச்சர் அனுமதிக்கலாம் என எழுதப்பட்டிருக்கின்றது. ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும் என்று அச்சொற்களைப் படிப்போர் உளர். நாம் அவ்வாறு படிக்கவில்லை. யுத்தத்திலும் பெரிய தக்க காரணம் யாது? முகாம்களிற் பிறந்த பிள்ளைகள் யாவருக்கும் பொதுவாகக் காலத்தை நீடித்து, உத்தியோகத்தரை முகாமுக்கே அனுப்பிப் பதியுமாறு அமைச்சர் ஒரு பணிப்புரை இடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புப் பதிவும் ஒரு நாட்டினமும் பெறும் உரிமை உண்டென்று 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தில் இந்நாட்டுப் பாராளுமன்றமே எழுதி வைத்துள்ளது. எழுதியதைச் செய்க என்கின்றோம், அவ்வளவே.

இன்னுமொன்று. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கடவுச்சீட்டின்றி அனுமதிக்கப்படாத துறையால் நாட்டை நீங்குவதைக் குற்றமாக்குகின்றது. குண்டு வீழ்ந்த இரவில் மன்னார்க் கரையிலே குடிவரவு அதிகாரி மேசை போட்டு இருந்தாரா? 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிவந்த முதியவர் ஒருவர், பலாலியில் இறங்கியதும் அந்தப் பழைய நீக்கத்துக்காகக் கைது செய்யப்பட்டார். திரும்பி வாருங்கள் என்று அழைத்துவிட்டு வாசலிலே கைதுசெய்தால், முகாமில் மற்றவர் பெட்டியைக் கட்டுவரா? யுத்தகாலத்து வெளியேற்றங்களுக்கு வழக்குத் தொடுப்பதில்லை என்ற பகிரங்க உறுதியை அரசாங்கம் தரல் வேண்டும். எமது பிரதிநிதிகள் இவ்விரு கோரிக்கைகளையும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் அமைச்சின் வாக்கெடுப்பு வரும் நாளில் எழுப்புமாறு கேட்டிருக்கின்றோம்.

முதியவரின் மகனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. தாயின் மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து, வைத்தியசாலைத் துண்டுகளோடும், அந்தியேட்டி அழைப்போடும், அந்த மூன்று கிழமையும் அவன் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை என்பதற்கு அயலவர் இருவரின் சத்தியக் கடதாசியோடும் அங்குள்ள சட்டத்தரணிக்கு அனுப்பியுள்ளோம். இக்கூட்டத்திலும் அத்தகைய கடிதம் வந்த வீடுகள் இருக்கக்கூடும். வெட்கப்பட்டு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். தமிழ்நாட்டிலே பிறந்து பதியப்படாத பேரப்பிள்ளை உள்ளவர்களும், தகப்பன் தாயின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பழைய பங்கீட்டு அட்டை, பள்ளிக்கூடத்து வரவிடாப்பின் பிரதி, எது இருந்தாலும் எடுத்துவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே மண்டபத்தில் எமது நண்பர்களான சட்டத்தரணிகள் சிலரும் நாமும் இருப்போம், கட்டணம் இல்லை. மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுச் செல்லாதீர்கள், எம்மிடமுந்தான்.